மனசுக்கு ஒரு பெரட்டு: சோர்ந்து கிடப்பவர் எழுந்து நடமாடத் தொடங்குவது எப்படி

எங்கள் அப்பா பால் வெட்டுக்காரர். மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மரம் சீவியவர். விடிவதற்கு வெகு முன்பே, இருட்டோடு இருட்டாகப் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நிற்க வேண்டும். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிடுவார். குரல் கொடுத்தால்தான் அன்றைக்குச் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பேர் ஏறும். மனசு சரியில்லை, வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் அதில் கட்டம் கிடையாது. அது நல்ல வாழ்க்கை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கண்டிப்பில் நசுங்கிப்போனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் 2022-இல் ஷா ஆலாமில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை ஆட்குறைப்புச் செய்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்து மூன்று மாதம் கட்டிலில் கிடந்தபோது, என்னை எழுப்பியது அந்தப் பெரட்டுதான். அப்பா ஒருநாள் கதவருகே நின்று சொன்னார்: “வெட்டுனாத்தான்டா பால் வரும். வருமா வராதான்னு மரத்தடியில நின்னு பார்த்துக்கிட்டு இருந்தா பொழுதுதான் விடியும்.”

அப்போது எரிச்சலாக இருந்தது. பிறகு கிளினிக்கில் ஒரு தாதி அதையே வேறு சொற்களில் சொன்னார். இதுதான் முதல்முறை இப்படி ஆகிறது, எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்பவர்களுக்காக, நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை.

எதற்கும் முன்னால் ஒரு கேள்வி

செத்துப்போகலாம், நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நல்லது என்ற நினைப்பு வருகிறதா? வந்தால் கீழே உள்ள எதையும் இப்போது படிக்க வேண்டாம். வீட்டில் யாராவது ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 03-7627 2929 என்ற எண்ணில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பைக் கூப்பிடலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555. உடனே ஆபத்து என்றால் 999. வீட்டில் இருக்கும் களைக்கொல்லி, பூச்சிமருந்தை வேறு யாரிடமாவது கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். தோட்டப் பக்கம் இது சின்ன விஷயம் இல்லை.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் இன்னும் பலருக்கு உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்பவரை யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள்.

அப்படி ஒன்றும் இல்லை, சோர்வுதான், எதிலும் பிடிப்பு இல்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள்

“மூட் வரட்டும், அப்புறம் செய்கிறேன்” என்றுதான் நாம் எல்லோரும் சொல்கிறோம். சோர்வு வந்தவருக்கு அந்த மூட் வரவே வராது, சிக்கலே அங்கேதான். 1970-களில் பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை எளிமையாக விளக்கினார். மனம் சோர்ந்தவர் வெளியே போவதைக் குறைக்கிறார். அதனால் அன்றாடம் கிடைக்கும் சின்னச் சின்னச் சந்தோஷங்கள் நின்றுபோகின்றன. ஒரு அரட்டை, ஒரு சூடான ரொட்டி சானாய், “நல்லாச் செஞ்சிருக்கே” என்ற ஒரு வார்த்தை, இப்படி. அவை நின்றதும் சோர்வு கூடுகிறது. கூடினதும் இன்னும் ஒதுங்குகிறார். செக்குமாடு மாதிரி அதே வட்டம்.

வட்டத்தை எங்கே அறுப்பது? 1996-இல் நீல் ஜேக்கப்சன் என்பவரும் உடனிருந்தவர்களும் மனச்சோர்வு உள்ள 150 பேரிடம் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். எண்ணங்களை அலசித் திருத்தும் முழுச் சிகிச்சை பெற்றவர்களும், அதில் ஒரு பகுதியான ‘செயல்களைக் கூட்டும்’ பயிற்சியை மட்டும் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேறினார்கள். கை முன்னால் போனால் மனசு பின்னால் வருகிறது. உடனே வராது. பால்மரத்தில் கத்தி பட்டதும் மங்கு நிறைந்துவிடுகிறதா என்ன, சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும்.

முதல் வாரம்: பெரட்டு மட்டும்

முதல் ஏழு நாளுக்கு ஒரே ஒரு வேலை. வேறு எதையும் தொடாதீர்கள்.

ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள். ஏழரை என்று வைத்துக்கொள்வோம். இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாலும், தூங்காவிட்டாலும், ஏழரைக்கு வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். பத்து நிமிடம். பல் துலக்கினீர்களா, கைலியை மாற்றினீர்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை. கைப்பேசி மட்டும் உள்ளேயே இருக்கட்டும். நம் ஊரில் வருடம் முழுக்க ஏழு, ஏழேகால், ஏழரை வாக்கில் சூரியன் வந்துவிடும், ஆகவே இருட்டில் நிற்க வேண்டியிருக்காது. (1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். அன்றிலிருந்துதான் காலையில் இவ்வளவு இருட்டு என்று அப்பா இன்னும் முணுமுணுப்பார்.)

காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் சரியாகிறது, இரவில் தூக்கம் நேரத்துக்கு வருகிறது. மேகமூட்டமாக இருந்தாலும் வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், வெளியே நின்றாலே போதும்.

முதல் நாள் நான் வாசலில் நின்றபோது பக்கத்து வீட்டு அத்தை கோலம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “யாரு, உள்ளயே இருந்தியா? ஷா ஆலாம்ல இருக்கேன்னு நெனைச்சேன்” என்றார். மூன்று மாதமாக அடுத்த வீட்டில் கிடந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒரு மனுஷரோடு பேசியாகிவிட்டது.

இரண்டாம் வாரம்: ஐந்து நிமிட வேலை

பெரட்டு நின்றாகிவிட்டது, அடுத்தது வேலைக்காடு. எவ்வளவு பெரிய வேலை என்பதில்தான் எல்லோரும் தவறுகிறோம். “இன்றைக்கு வீட்டையே சுத்தம் பண்ணுகிறேன்” என்று கிளம்பி, பாதியில் உட்கார்ந்து, “பார்த்தியா, என்னால ஒண்ணும் முடியாது” என்று இன்னும் கீழே போய்விடுவோம். வேலை கேவலமாகத் தோன்றும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். சட்டியைக் கழுவுவது பெரிது, ஒரு கோப்பையைக் கழுவுவது சரி.

என்னுடைய முதல் வேலையை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் என் முன்னால் பழைய நாளிதழை விரித்து, பின்பக்கம் ஒடித்த முருங்கைக் கொத்துகளைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். கீரை உருவுவது தெரியும்தானே? காம்பின் நுனியைப் பிடித்து, இரண்டு விரலால் ஓர் இழுப்பு. இலை தனியாக வரும். முற்றிய காம்பென்றால் வராது, ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். மஞ்சள் இலையைத் தள்ள வேண்டும், சின்னப் பூச்சிக் கூட்டைப் பார்க்க வேண்டும். கவனம் இலையில் இருந்ததால், காலையிலிருந்து தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த கணக்கு வழக்கு எல்லாம் கொஞ்ச நேரம் நின்றுபோனது. அரை மணி நேரம் ஓடியதே தெரியவில்லை. விரல் நுனி பச்சை. அன்றைக்கு மதியம் கீரை பிரட்டலைச் சாப்பிடும்போது ருசி தெரிந்தது. வெகு நாளைக்குப் பிறகு.

ஐந்து நிமிடம் முடிந்ததும் நிறுத்திவிடலாம், அந்த உரிமை உங்களுக்கு உண்டு. பெரும்பாலும் நிறுத்தமாட்டீர்கள், அது வேறு.

செக்ரோல் நோட்டு

ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்குங்கள். கைப்பேசியில் எழுதலாமே என்பார்கள். எழுதப் போய் டிக்டாக்கில் விழுந்து எழுந்த அனுபவம் எனக்கு உண்டு, நோட்டே போதும்.

மூன்று கட்டம்: நேரம், என்ன செய்தேன், மனசுக்கு எத்தனை மார்க். பூஜ்யம் என்றால் பாதாளம், பத்து என்றால் தீபாவளிக் காலை. என் நோட்டில் ஒருநாள் இப்படி இருந்தது:

7.30 – வாசலில் நின்றது – 3
9 முதல் 11 – படுத்துக்கொண்டு கைப்பேசி – 2
11.30 – கீரை உருவியது – 4
2 – தூக்கம் – 2
5.45 – திடல் வரை நடந்து பந்து பார்த்தது – 5
9 முதல் 1 – கைப்பேசி – 1

ஒரு வாரம் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோது திக்கென்றது. ‘ஓய்வு’ என்று நான் நினைத்த இரண்டும், படுக்கையும் கைப்பேசியும், ஒருநாள்கூட மூன்றைத் தாண்டவில்லை. ‘முடியாது’ என்று தள்ளிப்போட்ட நடைதான் அதிக மார்க். சோர்ந்த மனசின் ஞாபகம் நம்பத்தக்கது இல்லை. நாள் முழுக்க மோசம் என்றுதான் அது சொல்லும், நோட்டைப் பார்த்தால் நடுவில் ஒரு நாலும் ஐந்தும் தெரியும். அந்த நாலும் ஐந்தும் எதில் வந்ததோ அதை அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். ஒன்றும் இரண்டும் எதில் வந்ததோ அதைக் கொஞ்சம் குறையுங்கள். முழுக்க வெட்ட வேண்டாம், வெட்டினால் நாலாம் நாள் பழிவாங்கும்.

கூட்டும்போது இரண்டு வகையும் இருக்கட்டும். சில வேலை சுகமாக இருக்கும்: பாட்டு, குளியல், பூனையோடு விளையாட்டு. சில வேலை சுகமாக இருக்காது, ஆனால் முடித்தேன் என்ற நிமிர்வைத் தரும்: மின்சார பில் கட்டுவது, மோட்டாருக்கு எண்ணெய் மாற்றுவது. சுகத்தை மட்டும் தேடிப்போனால் கொஞ்ச நாளில் சலித்துவிடும்.

உடம்புப் பக்கம்

நடை: உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்கிறது. ஒரே நாளில் அங்கே போய் நிற்க வேண்டாம், பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். ஒன்பது மணிக்கு முன்போ, மாலை ஐந்தரைக்கு மேலோ. செம்பனைக் காட்டுச் சாலை அழகாகத்தான் இருக்கும். ஆனால் குலை ஏற்றும் லோரியும் தெருநாயும் உண்டு, பள்ளித் திடலே மேல். மழை என்றால் பலசரக்குக் கடை முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கலாம். நான் நடந்திருக்கிறேன், பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

கோப்பி: குடித்த காஃபினில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். மதியம் இரண்டுக்கு மேல் பால் ஊற்றாத கோப்பி ஓவும் வேண்டாம், கெட்டித் தே தாரிக் தேநீரும் வேண்டாம்.

சாராயம்: இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கவலைக்குக் குடிக்கும் பழக்கம் கள்ளுக்கடைக் காலத்திலிருந்தே நம் தோட்டங்களில் இருக்கிறது, பிறகு மலிவு சம்சு வந்து இன்னும் கெடுத்தது. மது மூளையை மந்தமாக்கும் பொருள். முதல் இரண்டு மணி நேரத் தூக்கத்தைக் கொடுத்துவிட்டு, பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும். மறுநாள் மனசு இன்னும் கீழே. தினமும் அதிகமாகக் குடிப்பவராக இருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. கிளினிக்கில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

ஊர் வாய்க்கு ஒரு பதில்

சின்ன ஊரில் மனசு சரியில்லாதவருக்குப் பெரிய தடை நோய் இல்லை, கேள்விகள். “என்னப்பா, இன்னும் வேலை கெடைக்கலையா?” முடிதிருத்தும் கடையில் ஒருவர், கோயிலில் ஒருவர், கோப்பிக்கடையில் நாலு பேர். இதற்குப் பயந்தே வெளியே போகாமல் இருந்தேன். கடைசியில் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டேன். “பார்த்துக்கிட்டு இருக்கேன் மாமா. நீங்க பசியாறியாச்சா?” இவ்வளவுதான். கேட்டவர் பசியாறிய கதைக்குப் போய்விடுவார். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விசாரிக்க வேண்டுமே என்று கேட்பவர்கள்தான்.

கூட்டத்தில் சும்மா நிற்பது கஷ்டமாக இருந்தால், கையில் வேலை இருக்கும் கூட்டமாகப் பார்த்துப் போங்கள். கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் இடம் நல்ல இடம். யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், எல்லோர் கண்ணும் பூசணியில் இருக்கும். பேசினால் பேசலாம், இல்லாவிட்டால் நறுக்கலாம்.

உண்மையைச் சொல்ல ஒரே ஓர் ஆள் வேண்டும். அண்ணன், தோழி, பழைய ஆசிரியர், யாராவது. சொல்லும்போது என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: “புத்திமதி வேண்டாம்ணே. சாயந்திரம் ஆறு மணிக்கு வந்து நடக்கக் கூப்பிடுங்க, வரலன்னாலும் வாசல்ல நின்னு கூப்பிடுங்க.” உதவ நினைப்பவர்களுக்கு என்ன செய்வது என்று தெரிவதில்லை, அதனால்தான் “தைரியமா இரு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பெரிய வேலையைக் கூறு போடுவது

நாலைந்து வாரம் இப்படி ஓடியபின் தள்ளிப்போட்ட பெரிய வேலையைத் தொடலாம். எனக்கு அது சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். 2018 முதல் அதன் வேலை காப்புறுதித் திட்டம் நடப்பில் இருக்கிறது. வேலை இழந்த 60 நாளுக்குள் விண்ணப்பித்தால், செலுத்திய சந்தாவைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மாதம் வரை வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகை உண்டு. முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு படிப்படியாக இறங்கும். நான் 60 நாளையும் கட்டிலிலேயே கழித்துவிட்டேன். வேலை இழந்து வந்தவர் இதைப் படித்தால், மேலே உள்ள வாரக் கணக்கையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் முதலில் முடியுங்கள்.

எப்படி? முதல் நாள்: வேலை நீக்கக் கடிதம் எந்தப் பையில் இருக்கிறது என்று தேடுவது. தேடினால் போதும், படிக்கக்கூட வேண்டாம். இரண்டாம் நாள்: அதையும் அடையாள அட்டையையும் சம்பளச் சீட்டையும் படம் எடுத்து வைப்பது. மூன்றாம் நாள்: இணையப் பக்கத்தில் கணக்கு மட்டும் திறப்பது. நாலாம் நாள்: தங்கச்சியையோ அண்ணன் மகனையோ பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நிரப்புவது. வேலை விண்ணப்பம், சான்றிதழ் எடுப்பது, கடன்காரரிடம் பேசுவது எல்லாமே இந்த மாதிரித்தான். ஒவ்வொரு கூறையும் செக்ரோலில் எழுதுங்கள்.

முடியாத நாள்

வரும். பத்து நாள் நன்றாகப் போய்ப் பதினோராம் நாள் எழுந்திருக்கவே முடியாது. அன்றைக்கு மூன்று மட்டும்: குளிப்பது, எதையாவது சாப்பிடுவது, வாசலில் நிற்பது. நின்றது இரண்டு நிமிடமாக இருந்தாலும் பேர் ஏறிவிட்டது. அரை நாள் பேர் போடுவது செக்ரோலிலேயே உண்டு என்பார் அப்பா.

இரண்டு வாரமும் மார்க் ஏறவில்லை என்றால்

நாளின் பெரும்பகுதி மனசு கனத்துக் கிடப்பது, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, இவற்றில் ஒன்றாவது இரண்டு வாரமாக இருந்து, கூடவே தூக்கம், பசி, கவனம் கெட்டுப்போய், நான் எதற்கும் லாயக்கில்லை என்ற குற்றவுணர்வும் சேர்ந்தால், அது நோயாக இருக்கலாம். சோம்பேறித்தனம் இல்லை, செய்வினையும் இல்லை. சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டு ஆய்வில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருப்பது தெரிந்தது. 2019-இல் இருந்ததைப்போல இரண்டு மடங்கு. நம் திடலில் நூறு பேர் பந்து பார்த்தால் அதில் நாலைந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் கிளினிக் போவதற்குத் தடையாக ஒரு பேர் இருக்கிறது: தஞ்சோங் ரம்புத்தான். 1911 முதல் அங்கே இருக்கும் மனநல மருத்துவமனைக்கு இப்போது பஹாகியா உலு கிந்தா என்று பேர். ஆனால் சண்டை வந்தால் இன்னும் “ஒன்ன தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்” என்றுதான் திட்டுவார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. உண்மையில் சோர்வு என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் பக்கத்து அரசாங்க கிளினிக்கிலேயே பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான், அதாவது ஒரு ரிங்கிட்.

அங்கே போய்த் தலைவலி, உடம்பு அசதி என்று மட்டும் சொன்னால் பனடோலோடு அனுப்பிவிடுவார்கள். நேராகச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்தவர் இல்லாவிட்டால், “சாயா ராசா மூரோங், சூடா டுவா மிங்கு” என்றால் போதும், ‘மனச்சோர்வாக இருக்கிறது, இரண்டு வாரமாயிற்று’ என்று அர்த்தம். கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். இரத்தச் சோகை, தைராய்டு, இனிப்புநீர் (நீரிழிவு) மூன்றும்கூட இதே மாதிரி அசதியைத் தரும், அதனால் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இனிப்புநீருக்கு வருடக் கணக்கில் மெட்ஃபோர்மின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம், அதையும் நினைவூட்டுங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால் வேலை செய்யத் தொடங்க இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். மூன்றாம் நாளே பலனில்லை என்று நிறுத்தாதீர்கள். தேறிய பிறகும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

காலையிலேயே போய் நம்பர் எடுத்துவிடுங்கள். அடையாள அட்டை, சில்லறை, சாப்பிடும் மருந்துகளின் அட்டை. மறக்காமல் அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, நாள் எப்படிப் போகிறது என்று டாக்டர் கேட்கும்போது நான் வாயே திறக்கவில்லை. நோட்டைத்தான் மேசைமேல் தள்ளினேன்.